கேள்வி – பதில்: அம்மாயி ஏத்துன ரெண்டு விளக்கு

இந்த மாசம் வந்த கடுதாசில ஒண்ணு என்னைய நாலு நாளு தூங்க விடல, அதனால அதுக்கே பாதிப் பக்கத்துக்கு மேல குடுத்துட்டேன், மத்தவங்க கோவிச்சுக்காதீங்க. மீதிக் கேள்விகள்லயும் அதோட ஒட்டி வந்ததத்தான் எடுத்திருக்கறேன்.

கேள்வி (பேர் போட வேண்டாம்னு கேட்டவர், பொள்ளாச்சி பக்கம்):

ஐயா வணக்கமுங்க. எனக்கு வயசு 46, தேங்கா யாவாரம், ரெண்டு புள்ளைங்க. போன ஐப்பசில அம்மா போயிட்டாங்க. காரியமெல்லாம் முடிஞ்சு அட்டாலில இருந்த ட்ரங்க் பொட்டிய எறக்குனா அடியில ஒரு பழைய நோட்டு, மலையாளத்துல கையெழுத்து, நடுவால நடுவால புரியாத எழுத்து, கூடவே ஒரு சின்ன வெள்ளி டம்ளர். பாலக்காட்டு ஆள் ஒருத்தர்கிட்ட காட்டுனதுக்கு இது கொச்சி யூதப் பொம்பளைங்க பாடற பாட்டு நோட்டாட்டம் இருக்குன்னாரு. பெரியம்மாகிட்ட அழுத்திக் கேட்டப்பறம்தான் சொன்னாங்க, எங்க அம்மாயி, அம்மாவோட அம்மா, கொச்சி யூதக் குடும்பத்துப் பொண்ணாம், அவங்க சனமெல்லாம் இஸ்ரேலுக்குக் கெளம்புனப்ப இது எங்க அப்புச்சியக் கட்டிகிட்டு இங்கயே நின்னுருச்சாம், அதுக்கப்பறம் அந்தப் பேச்ச யாரும் எடுத்ததில்லயாம். எனக்கு ஞாபகம் இருக்கறது இவ்வளவுதானுங்க, வெள்ளிக்கெழம பொழுது எறங்கறதுக்கு முன்னாலயே அம்மாயி ரெண்டு விளக்கு ஏத்தும், கண்ண மூடிட்டு வாய்க்குள்ள என்னமோ சொல்லும், சனிக்கெழம அடுப்புப் பத்த வெக்காது, எல்லாம் மொத நாளே ஆக்கி வெச்சிரும். பெருமாளுக்கு வெரதம்னுதான் ஊர்ல நெனச்சோம். நான் பெருசா சாமி கும்படறவன் இல்லீங்க, ஆனா அந்த நோட்டப் பாத்ததுல இருந்து உள்ளுக்குள்ள என்னமோ இழுக்குது. நானும் யூதனா? இந்த வயசுல, ஒண்ணுந் தெரியாதவன், நம்பிக்கையும் உறுதியா இல்லாதவன், எங்கிருந்து ஆரம்பிக்கறது? ஒரம்பரைக என்ன பேசுவாங்களோன்னு வேற வெசனமா இருக்கு. அம்மாவுக்கு அவங்க மொறைல ஏதாச்சும் செய்யணும்னும் தோணுது.

பதில்:

தம்பி, மொதல்ல அந்த நோட்ட வெயில் படாம, பூச்சி அரிக்காம பத்தரமா வைங்க. லேமினேஷன் கீமினேஷன்னு கெளம்பிராதீங்க, சுத்தமான பருத்தித் துணில சுத்தி வெச்சாப் போதும், ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல போட்டோ எடுத்துக்கங்க. கொச்சி யூதர்கள்ல பொம்பளைங்க மலையாளத்துல பாடற பாட்டுக்குன்னே நோட்டு எழுதி வெச்சு, அம்மாகிட்ட இருந்து மகளுக்குன்னு குடுத்துட்டு வந்தாங்க, கல்யாணத்துலயும் பண்டிகையிலயும் ஆம்பளைங்க முன்னாலயே ஒக்காந்து பாடுவாங்க, இது நெம்ப பெரிய விசயம். உங்க அம்மாயி தன் சனத்த விட்டுட்டு வந்தப்ப எத எடுத்துகிட்டு வந்துச்சுன்னு பாருங்க, நகைய இல்ல, பாட்டு நோட்ட.

நான் யூதன் இல்ல, காங்கேயத்துப் பக்கம் வெவசாயக் குடும்பம், ஆனா கொச்சில யூதர்க வாழ்ந்த மட்டாஞ்சேரிக்குப் பல வருசமா போயிட்டு வர்றவன், அதுனால எனக்குத் தெரிஞ்சத மட்டும் சொல்றேன். யூத மரபுல பொறப்பு அம்மா வழியாத்தான் போகுது. அம்மாயி யூதர்னா அவங்க மகளும் யூதர், அந்த மகளோட புள்ளையும் யூதர், நடுவுல எத்தன வருசம் எதுவுமே செய்யாம இருந்தாலும் அது அறுந்துபோறதில்லங்கறது அவங்க சட்டம். அதனால உங்க அம்மாயி பத்தி உங்க பெரியம்மா சொன்னது நெசம்னா அந்த மரபு உங்களைய வெளியாளாப் பாக்காது, ஊட்ட விட்டு வெளியூர் போயிருந்த புள்ளையாத்தான் பாக்கும். ஆனா ஒண்ணு, இத முடிவு பண்ண வேண்டியது அவங்களோட ரப்பிமார் சபை, அதாவது அவங்க மதகுருமார் சபை, பத்திரிகைல பதில் எழுதற நானில்ல, காசு வாங்கிட்டு நாலு நாள்ல சர்ட்டிபிகேட் தர்றேன்னு எவனாச்சும் வந்தா அந்தப் பக்கமே போகாதீங்க. பெரியம்மாகிட்ட இருந்து அம்மாயியோட பேரு, அவங்க அப்பா பேரு, எந்தத் தெரு, எந்தப் பள்ளி (யூதர்களோட வழிபாட்டுக்கூடத்தத்தான் சொல்றேன்), எல்லாத்தையும் இப்பவே எழுதி வாங்கிக்கங்க. பெரியவங்க இருக்கறப்பக் கேட்டாத்தான் உண்டு.

அடுத்தது 46 வயசுங்கறீங்க. ரப்பி அகிவான்னு ஒருத்தர், யூதர்களோட மிகப் பெரிய குருமார்கள்ல ஒருத்தர், ஆயிரத்தி தொள்ளாயிரம் வருசத்துக்கு முந்தி வாழ்ந்தவரு. நாப்பது வயசு வரைக்கும் அவருக்கு எழுத்தே தெரியாது, ஆடு மேய்ச்சுகிட்டு இருந்தாருன்னு அவங்க நூல்கள் சொல்லுது. ஒருநாள் கெணத்தோரத்துல நிக்கறாரு, அங்க ஒரு கல்லு நடுவுல பள்ளமா இருக்கு, இத யாரு கொடஞ்சதுன்னு கேக்கறாரு, தெனமும் விழற தண்ணிதான்னு சொல்றாங்க. தண்ணி கல்லையே கொடயும்னா இந்த வேத வார்த்தை என் நெஞ்சக் கொடயாதான்னு யோசிச்சு, தன்னோட பையனையும் கூட்டிகிட்டுப் போயி வாத்தியார்கிட்ட ஒக்காந்து ஆனா ஆவன்னாவுல இருந்து ஆரம்பிக்கறாரு. நம்ம ஊர்ல பழைய கவலைக் கெணத்து மேட்டுல நின்னு பாத்திருப்பீங்கல்ல, ஓரக் கல்லுல கயிறு தேச்சுத் தேச்சு வெரல் போற அளவுக்குக் கோடு விழுந்திருக்கும், எங்க தோட்டத்துக் கெணத்துல இப்பவும் இருக்கு, நான் சின்னப் பையனா இருந்தப்ப அதுக்குள்ள வெரல வுட்டு வெளையாடுவேன், கல்லு கண்ணாடியாட்டம் வழவழன்னு இருக்கும். எறும்பூரக் கல்லுந் தேயும்னு நம்ம பெரியவங்க சொன்னதும் அதுதான், அதுனால வயசப் பத்திப் பேசறத விட்டுருங்க.

ஒண்ணுந் தெரியாதேன்னு கேட்டீங்க. மகாராஷ்டிராவுல கொங்கணக் கடலோரத்துல பெனே இஸ்ரேல்னு ஒரு யூத சமூகம் இருக்குதுங்க. நெம்ப காலமா மத்த யூதர்களோட தொடர்பே இல்லாம, தங்களோட நூல்களையெல்லாம் தொலச்சுட்டு, செக்காட்டி எண்ணெய் எடுத்துப் பொழச்சவங்க. அவங்ககிட்ட மிஞ்சி இருந்தது சனிக்கெழம செக்க ஓட்டாம நிறுத்தறது, ஆம்பளப் புள்ளைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம், அப்பறம் ஷெமான்னு ஒரு மந்திரம், சாப்பாட்டுல சில வெலக்கு, சில பண்டிகை, இப்படிக் கொஞ்சந்தான். ஊர்ல அவங்களுக்குப் பேரே சனிவார் தேலி, சனிக்கெழம வேலை செய்யாத எண்ணெக்காரங்கன்னு. அந்தத் துண்டு துணுக்க வெச்சுதான் அவங்க யாருன்னு மத்த யூதர்க அடையாளங் கண்டுபுடிச்சாங்க, பொறவு கொச்சியில இருந்து வாத்தியாருங்க போயி அவங்களுக்கு ஹீப்ரு சொல்லிக் குடுத்தாங்க, 1796ல பம்பாய்ல சொந்தமா ஒரு வழிபாட்டுக்கூடமே கட்டிட்டாங்க. ஒரு சனமே சனிக்கெழமையப் புடிச்சுகிட்டுத் திரும்ப வந்திருக்கு தம்பி. உங்க கையில ரெண்டு விளக்கு இருக்கு, ஒரு நோட்டு இருக்கு, எரியாத அடுப்பு இருக்கு, அவங்களுக்கு இருந்ததவிட இது கொறச்சல் இல்ல.

அந்த ரெண்டு விளக்கு என்னன்னு சொல்றேன். பத்துக் கட்டளை வேதத்துல ரெண்டு எடத்துல வருது, யாத்திராகமம் 20ல ஓய்வுநாள (வெள்ளி பொழுது எறங்குனதுல இருந்து சனி ராத்திரி வரைக்கும்) நெனவுல வெய்யின்னு இருக்கு, உபாகமம் 5ல ஓய்வுநாளக் காப்பாத்துன்னு இருக்கு, அந்த ரெண்டு சொல்லுக்குத்தான் ரெண்டு விளக்குன்னு அவங்க பெரியவங்க சொல்வாங்க. பொழுது எறங்குனப்பறம் தீயப் புதுசா மூட்டக் கூடாதுங்கறதால முன்னாலயே ஏத்தறது, சூரியன் மறையறதுக்கு 18 நிமிசம் முன்னாலங்கறது பல ஊர்ல வழக்கம். சூரியன் 6.30க்கு எறங்குதுன்னா 6.12க்கு விளக்கு எரியணும். வெள்ளிக்கெழம ஊரே விளக்கு வெக்கற கொங்கு நாட்டுல உங்க அம்மாயியோட விளக்கு மட்டும் அரமணி நேரம் முந்தி எரிஞ்சிருக்கு, யாரும் கவனிக்கல. நாப்பது அம்பது வருசம் ஒரு மனுசி அந்த அரமணி நேரத்த விட்டுக் குடுக்காம இருந்திருக்காங்கன்னு நெனச்சா எனக்கு நெஞ்சு அடைக்குது.

நம்பிக்கை உறுதியா இல்லாதவன் போலாமாங்கறது உங்க கடுதாசில இருந்ததுலயே பெரிய கேள்வி. எல்லா மதமும் ஒரே மாதிரி வாசல் வெச்சிருக்கறதில்ல. மொதல்ல நம்பு, பொறவு உள்ள வான்னு சொல்ற எடமும் உண்டு. யூத மரபுல சீனாய் மலையடிவாரத்துல மோசே கடவுளோட கட்டளைகள வாசிச்சுக் காட்டுனப்ப சனங்க சொன்ன பதில் யாத்திராகமம் 24:7ல இருக்கு, ஹீப்ருல உள்ள வரிசைப்படி பாத்தா செய்வோம், கேப்போம். செய்யறது முன்னால வருது, வெளங்கிக்கறது பின்னால வருது. அதுனால கடவுள் இருக்காரா இல்லயான்னு முடிவு பண்ணிட்டுத்தான் விளக்கத் தொடணும்னு காத்திருக்காதீங்க. ஏத்துங்க, பக்கத்துல ஒக்காருங்க, சந்தேகத்தையும் கூடவே ஒக்கார வைங்க. கேள்வி கேக்கறவன அந்த மரபு வெரட்டாது, எகிப்துல அடிமைத்தனத்துல இருந்து விடுபட்ட கதையச் சொல்ற பஸ்கா ராத்திரி விருந்துல, சின்னப் புள்ள எந்திரிச்சு நாலு கேள்வி கேட்டாத்தான் அந்தக் கதையே தொடங்கும், ஊட்டுல புள்ள இல்லீன்னா பொண்டாட்டி கேக்கணும், தனியா இருக்கறவன் தனக்குத்தானே கேட்டுக்கணும்னு தல்முதுங்கற அவங்க சட்ட விளக்க நூல்ல எழுதியே வெச்சிருக்காங்க. இன்னொண்ணு சொல்றேன். ஊட்டுக்குத் திரும்பி வர்றத அவங்க தெஷுவாங்கறாங்க. ஹீப்ருல பதிலுக்கும் அதே சொல்லுதான், தெஷுவா. ஊர் ஊரா இருந்து ரப்பிமாருக்குக் கேள்வி எழுதி அவங்க பதில் எழுதுறது ஆயிரம் வருசத்துக்கு மேலா நடக்குது, மூட்ட மூட்டயாப் புத்தகம் இருக்கு. நீங்க எனக்குக் கேள்வி எழுதறப்பவே திரும்ப ஆரம்பிச்சுட்டீங்கன்னுதான் நான் எடுத்துக்கறேன்.

அம்மாவுக்குச் செய்யறது. அவங்க துக்க செபத்துக்குக் கத்தீஷ்னு பேரு, அராமிய மொழி, அதுல சாவப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது, முழுக்க முழுக்கக் கடவுளோட பேரப் புகழறதுதான். ஆனா அதச் சொல்ல பத்துப் பேரு கூடணும், பொள்ளாச்சில நீங்க ஒருத்தர்தான், அதுக்கு மனசு ஒடஞ்சு போகாதீங்க. வருசா வருசம் எறந்த நாள்ல 24 மணி நேரம் எரியற ஒரு விளக்கு ஏத்தறது உண்டு, அதுக்கு ஆள் தேவையில்ல. அந்த நாளும் இங்கிலீஷ் தேதி இல்ல, அவங்க காலண்டர்ல நெலாக் கணக்கு, நம்ம திதியாட்டமேதான். மொத நாள் பொழுது எறங்கறப்ப ஏத்துனா மறுநாள் பொழுதோட அதுவே அணையும். அம்மா பேர்ல யாருக்காச்சும் தர்மம் பண்ணுங்க, அதுவும் அவங்க மொறைதான்.

ஒரம்பரைகளுக்கு இப்போதைக்கு வெளக்கம் எதுவும் சொல்ல வேண்டியதில்ல. குலதெய்வக் கோயிலுக்கு மொட்ட போட வரலயான்னு கேக்கறப்ப உங்களுக்குச் சிக்கல் வரும், அது வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன், ஏன்னா அந்த மரபுல ஒரே கடவுள், வேற சாமி முன்னால கும்படறது ஆகாது. நீங்க அந்த எடத்துக்கு வந்து சேர வருசம் ஆவும், வராமலும் போலாம். அன்னைக்கு உங்க மனசு சொல்றதச் செய்யுங்க. அதுவரைக்கும் படிங்க. தோராங்கற அஞ்சு புத்தகமும் தமிழ் பைபிள்ல மொத அஞ்சா இருக்கு, ஆதியாகமத்துல ஆரம்பிச்சு வாரம் ஒரு பகுதின்னு 54 பகுதியாப் பிரிச்சு அவங்க வருசத்துல முடிப்பாங்க, முடிக்கற அதே நாள்ல மறுபடியும் மொத வரில இருந்து தொடங்கிருவாங்க. தமிழ்ல நெட்டுல தேடுனா யூதர்களப் பத்தி வர்றதுல பெரும்பகுதி கிறிஸ்தவப் பிரசங்கமா இருக்கும், அது அவங்க பார்வை, தப்புன்னு சொல்லல, ஆனா யூதர்கள் தங்களப் பத்திச் சொல்றது வேற. இங்கிலீஷ் படிக்க வந்தா செஃபாரியாங்கற ஆப்புல தல்முது வரைக்கும் ஓசியாவே இருக்கு.

ஒருநாள் மட்டாஞ்சேரி போயிட்டு வாங்க. 1568ல கட்டுன பரதேசிப் பள்ளி, நம்ம கோயிலாட்டமே செருப்ப வெளிய வுட்டுட்டுத்தான் போகணும், தரையெல்லாம் சீனாவுல இருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஓடு, கையால வரஞ்சது, வெறுங்கால் வெச்சதும் சில்லுன்னு ஏறும். நான் மொத தடவ போனப்ப ஒரு ஓட்டுல வரஞ்ச மரத்தையே பாத்துட்டு ரெண்டு ரெண்டா நகந்து அரமணி நேரம் நின்னுருக்கறேன். அங்க இருந்த குறையையும் சொல்லிடறேன், அந்தப் பள்ளிக்குள்ளயும் நெறம் பாத்து, பொறப்புப் பாத்து ஒதுக்கறது இருந்துச்சு, நம்ம ஊர்ல இருந்தாட்டமே. 1882ல பொறந்த ஏ.பி. சேலம்னு ஒரு வக்கீல், காந்தி வழில அந்தப் பள்ளிக்குள்ளயே சத்தியாகிரகம் இருந்து அத எதுத்தாரு. நம்ம சேலத்துக்கும் அவரு பேருக்கும் சம்பந்தமில்ல. நீங்க திரும்பிப் போற வீடு குத்தங்குறை இல்லாத வீடு இல்ல, ஆனா அதுக்குள்ளயே நின்னு சண்ட போட்டவங்களும் இருந்த வீடு.

கேள்வி (வாசகி, பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர், திருப்பூர்):

எங்க அமெரிக்க பையர் ஒருத்தர் முந்தியெல்லாம் ராத்திரி பன்னெண்டுக்கும் மெசேஜ் போடுவாரு. இப்ப ரெண்டு வருசமா வெள்ளி சாயந்தரத்துல இருந்து சனி ராத்திரி வரைக்கும் போனே எடுக்கறதில்ல, கேட்டா நான் யூதன், இப்பத்தான் கடைப்புடிக்க ஆரம்பிச்சிருக்கறேன்னு சொல்றாரு. அன்னைக்கு அப்படி என்னதான் பண்ணக் கூடாது?

பதில்: மொத்தம் 39 வகை வேலை கூடாதும்மா. மோசே காலத்துல வனாந்தரத்துல ஆசரிப்புக் கூடாரம், அதாவது கடவுள வழிபடற கூடாரம், கட்டறதுக்கு என்னென்ன வேலை செஞ்சாங்களோ அதெல்லாம் அந்தப் பட்டியல். அதுல 13 துணி சம்பந்தப்பட்டது, நீங்க கேட்டா அசந்துருவீங்க, கத்தரிக்கறது, வெளுக்கறது, சிக்கெடுக்கறது, சாயம் போடறது, நூக்கறது, பாவு ஓட்டறது, நெய்யறது, முடிச்சுப் போடறது, அவுக்கறது, தெக்கறது, கிழிக்கறதுன்னு திருப்பூரும் ஈரோடும் சென்னிமலையும் சேந்து செய்யற தொழில் அத்தனையும் அதுக்குள்ள இருக்கு. நாம ஆறு நாளும் எதனால வாழறமோ அத ஏழாவது நாள் கையத் தூக்கி நிறுத்தி, இது இல்லாமயும் நான் மனுசன்தான்னு ஒக்காந்து பாக்கறது. ஷிப்மெண்ட் நேரத்துல உங்களுக்கு அது எரிச்சலா இருக்கும், எனக்குப் புரியுது, ஆனா வெள்ளி மத்தியானத்துக்குள்ள அப்ரூவல் வாங்கிருங்க. அவருக்கு அது லீவு நாள் இல்ல, பாதி வயசுக்கு மேல தேடிக் கண்டுபுடிச்சது. சனிக்கெழம ராத்திரி வானத்துல மூணு நட்சத்திரம் தெரிஞ்சதும், பட்டையோ கிராம்போ ஏதாச்சும் வாசனைப் பொருள மோந்து பாத்துட்டுத்தான் மறுபடியும் வேலைநாளுக்குள்ள வருவாங்க.

கேள்வி (மாணவர், கோபி):

தமிழுக்கும் யூதர்களுக்கும் பழைய தொடர்பு ஏதாவது உண்டா ஐயா?

பதில்: உண்டு கண்ணு. சாலொமோன் ராசாவுக்குக் கப்பல்ல வந்த பொருள்கள்ல மயிலும் இருக்கு, அதுக்கு ஹீப்ருல துக்கின்னு சொல்லு, அது நம்ம தோகைல இருந்து போனதுன்னு கால்டுவெல் காலத்துல இருந்தே அறிஞர்கள் பலரும் சொல்லிட்டு வர்றாங்க. கேரளத்துல, 1000ஆம் ஆண்டு வாக்குல, பாஸ்கர ரவிவர்மன்ங்கற சேர அரசன் ஜோசப் ரப்பான்ங்கற யூதத் தலைவருக்கு முயிரிக்கோட்டுல இருந்து செப்பேடு குடுத்தாரு, வட்டெழுத்துல இருக்கு, 72 உரிமை, அதுல பகல் விளக்கு, பாவாடை (நடக்கற வழில விரிக்கற துணி), குடை, பறைன்னு வருது. முயிரிக்கோடுன்னா சங்கப்பாட்டுல வர்ற முசிறிதான். அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியா நம்ம கொங்கு நாட்டுக்குள்ள நொழஞ்சு கொடுமணல், கரூர்னு போன பாதைலதான் நம்ம மணிக்கல்லும் ரோமாபுரிக் காசும் போச்சு வந்துச்சு. சேந்தமங்கலத்துல, கேரளத்துச் சேந்தமங்கலம், 1269ஆம் வருசத்து ஹீப்ருக் கல்லறைக் கல்லு ஒண்ணு இருக்கு, ஒரு பொம்பளையோட கல்லு, சாரான்னு பேரு. நேர்ல போய்ப் பாரு.

கேள்வி (வாசகர், ஈரோடு):

படிச்சவங்க, தத்துவம் தெரிஞ்சவங்க கூட பாதி வயசுல திடீர்னு பழைய மதத்துக்குத் திரும்பறாங்களே, பயமா இருக்கும்போல?

பதில்: பயத்துல போறவங்களும் உண்டு, இல்லேங்கல. ஆனா ஃப்ரான்ஸ் ரோசன்ஸ்வைக்கப் பாருங்க. 1886ல ஜெர்மனில பொறந்த யூதர், தத்துவத்துல டாக்டர் பட்டம், பேருக்குத்தான் யூதர். 1913ல கிறிஸ்தவரா மாறிடலாம்னு முடிவே பண்ணிட்டாரு, போறதுன்னா யூதனா இருந்து போறேன்னு அந்த வருசம் பாவநிவாரண நாள யூதர்களோட கழிச்சாரு, பெர்லின்ல ஒரு சின்ன வழிபாட்டுக்கூடத்துலன்னு சொல்வாங்க. அதுக்கப்பறம் நான் யூதனாவே இருக்கறேன்னு சொல்லிட்டாரு. 1920ல ஃப்ராங்க்ஃபர்ட்ல தன்னாட்டம் ஒண்ணுந் தெரியாத பெரியவங்களுக்குன்னு ஒரு படிப்பு எடம் தொறந்தாரு, தெரிஞ்சவன் தெரியாதவனுக்குச் சொல்றதில்ல, வெளிய இருந்து எல்லாருமா உள்ள நடக்கறதுன்னு. ரெண்டே வருசத்துல பக்கவாதமாட்டம் ஒரு நோவு, கை போச்சு, பேச்சுப் போச்சு, பொஞ்சாதி ஒத்தாசையோட கடைசி வரைக்கும் எழுதிட்டு 1929ல எறந்தாரு. செபம் பண்றப்பக் கையிலயும் நெத்தியிலயும் கட்டற தோல்பட்டைய நீங்க கட்டறீங்களான்னு அவரக் கேட்டதுக்கு, இல்லன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல, இன்னும் இல்லன்னாராம். பயந்தவன் அப்படிப் பதில் சொல்ல மாட்டான்னு நெனக்கறேன்.

கேள்வி (மொதக் கடுதாசி எழுதுனவரோட சம்சாரம், தனியா போட்டது):

அவரு எழுதுனது தெரியுமுங்க, நாந்தான் கவர்ல ஸ்டாம்ப் ஒட்டுனேன். அடுத்த வெள்ளிக்கெழம அம்மாயி விளக்க ஏத்தறேன்னு சொல்றாரு. நான் அந்த வழியில பொறக்கல, பக்கத்துல நிக்கலாமா? எங்க சாமி ரூம் விளக்கயும் நான் ஏத்தோணுமே?

பதில்: தாராளமா நில்லும்மா. வழக்கமா ஊட்டுப் பொம்பளைதான் ஏத்துவாங்க, ஆனா இங்க அவரே ஏத்தலாம், அது மொறைக்கு விரோதமில்ல. உன் விளக்க நீ எப்பவும்போல அந்தி மயங்குனப்பறம் ஏத்து, அதுக்கும் இதுக்கும் அரமணி நேரம் எடவெளி இருக்கும். புள்ளைங்க ஏன் ரெண்டு எடத்துல விளக்குன்னு கேட்டா அம்மாயி கதைய அவரு வாயாலயே சொல்லட்டும், நீ சொல்லாத. அப்பறம் ஒண்ணு, ஏத்துனப்பறம் தீக்குச்சிய ஒதறி அணைக்கறதில்ல, ஊதறதும் இல்ல, நாம விளக்க வாயால ஊதறதில்லயே அதாட்டந்தான். பக்கத்துல ஒரு எவர்சில்வர் தட்டு வெச்சிரு, குச்சிய அதுல போட்டா அதுவே எரிஞ்சு அணஞ்சுக்கும்.